டாக்டர் சொல்லவில்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தமா?

வாசகர் கேள்வி: எனக்கு வயது 56, மனைவிக்கு 52. சர்க்கரை, பிரஷர் என்று பல வருடங்களாக ஒரே குடும்ப டாக்டரிடம்தான் போகிறோம், நல்ல மனிதர். என்னோடு வேலை பார்த்த நண்பருக்குப் போன வருடம் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரியும்போதே கல்லீரலுக்குப் பரவிவிட்டது. இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஸ்கிரீனிங் இருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். எங்கள் டாக்டர் இதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. நானே கேட்டபோது, "உங்களுக்குத் தொந்தரவு ஒன்றும் இல்லையே, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார். மனைவிக்கு வேறொரு டாக்டர் மலப் பரிசோதனை கிட் கொடுத்தார், அது பல மாதமாக அலமாரியில் கிடக்கிறது. "ச்சீ, அதையெல்லாம் யார் செய்வது" என்கிறாள். டாக்டர்களே அக்கறை காட்டாத ஒரு பரிசோதனை அவ்வளவு அவசியமா? இன்னொரு விஷயம், என் அண்ணனுக்கு 61 வயது, மூலம் இருக்கிறது, அவ்வப்போது ரத்தம் போகும். கொஞ்ச நாளாக ஒரே அசதி என்கிறார். அவருக்கும் இந்த கிட்டே போதுமா?

பதில்:

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதை ஒரு மாதம் கழித்துக்கூடப் பேசிக்கொள்ளலாம், இது அப்படியில்லை.

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் அந்த கிட் அண்ணனுக்கு வேண்டாம். ஸ்கிரீனிங் என்பது உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. ரத்தம் போகிறவருக்கு, அதுவும் 61 வயதில் அசதியும் சேர்ந்தவருக்கு, அது எங்கிருந்து போகிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். மூலம் இருக்கிறது என்பதால் குடலில் வேறு எதுவும் இருக்காது என்று ஆகிவிடாது, இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். அசதிக்கு ரத்தசோகை காரணமாக இருக்கலாம். அந்த வயது ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை என்றால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறது என்றுதான் நாங்கள் யோசிப்போம். இந்த வாரமே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டர் ஆசனவாயைக் கையுறை போட்ட விரலால் சோதிக்க வேண்டும், ஹீமோகுளோபினும் இரும்புச்சத்து அளவும் பார்க்க வேண்டும், பெரும்பாலும் கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியே விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது, தேவைப்படும். யாருக்கு முதலில் கொலோனோஸ்கோபி செய்வது என்று தீர்மானிக்க சில இடங்களில் இதே மலப் பரிசோதனையை டாக்டர்களே எழுதிக் கொடுப்பதுண்டு, ஆனால் அது நோயாளியைச் சோதித்துப் பார்த்த டாக்டர் எடுக்கும் முடிவு. வீட்டில் தானாக ஒரு கிட்டைச் செய்து, நெகட்டிவ் வந்தது, நிம்மதி என்று உட்கார்ந்துவிடுவது வேறு.

டாக்டரிடம் அவர் பேசும் விதமும் முக்கியம். "மூலம் படுத்துகிறது டாக்டர்" என்று ஆரம்பித்தால், பாதி நேரம் மூலத்துக்கு ஒரு களிம்பும் மலமிளக்கியும் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். நோயாளியே நோயின் பெயரைச் சொல்லிவிட்டால் கூட்டமான நாளில் எங்கள் மூளையும் அதே தடத்தில்தான் ஓடும். அதற்குப் பதில் நடப்பதைச் சொல்லட்டும்: ரத்தம் எத்தனை நாளாகப் போகிறது, நல்ல சிவப்பா அல்லது கருஞ்சிவப்பா, மலத்தோடு கலந்து வருகிறதா தனியாகச் சொட்டுகிறதா, மலம் கழிக்கும் வழக்கம் மாறியிருக்கிறதா, எடை குறைந்ததா, அசதி எப்போதிலிருந்து. மூலம் என்பதைக் கடைசியில் சொன்னால் போதும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். டாக்டரே அக்கறை காட்டவில்லை, அப்படியென்றால் இது அவ்வளவு முக்கியமில்லையோ என்று நினைப்பது இயல்பு. நான் பார்த்தவரை ஸ்கிரீனிங்குக்கு இருக்கும் பெரிய தடைகளில் ஒன்று இந்த நினைப்புதான். நீங்கள் டாக்டரின் மௌனத்தை ஒரு மருத்துவ அபிப்பிராயமாக எடுத்துக்கொள்கிறீர்கள். அது பெரும்பாலும் அபிப்பிராயமே இல்லை. அந்த மௌனத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதல் காரணம் நேரம். நீங்கள் உள்ளே வருகிறீர்கள், பிரஷர் பார்க்கிறோம், சர்க்கரை ரிப்போர்ட்டைப் புரட்டுகிறோம், ஒரு மாத்திரையை மாற்றுகிறோம், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிறோம், நீங்கள் எழுந்து கதவில் கை வைத்துக்கொண்டு "அப்புறம் டாக்டர், இந்த முட்டிதான்..." என்கிறீர்கள், வெளியே பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். இதில் வலிக்காத, ரத்தம் வராத, நீங்களும் கேட்காத ஒரு விஷயத்தை எந்த இடைவெளியில் நுழைப்பது? இது சும்மா சாக்கு இல்லை. அமெரிக்காவில் 2003-ல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2,500 நோயாளிகளைக் கவனிக்கும் குடும்ப டாக்டர், பரிந்துரைக்கப்பட்ட எல்லாத் தடுப்புப் பரிசோதனைகளையும் ஆலோசனைகளையும் ஒழுங்காகச் செய்தால் அதற்கு மட்டுமே வேலை நாள் ஒன்றுக்கு 7.4 மணி நேரம் பிடிக்கும். 2022-ல் இதையே இன்னும் விரிவாக, நாள்பட்ட நோய், திடீர் காய்ச்சல், கம்ப்யூட்டரில் பதிவு எழுதுவது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது 26.7 மணி நேரம் வந்தது. நாளைக்கு 24 மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எது கத்துகிறதோ அதைக் கவனிக்கிறோம். பாலிப் கத்தாது.

பாலிப் என்று சொல்லிவிட்டேன், அதையும் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் "தொந்தரவு இல்லையே" என்று உங்கள் டாக்டர் சொன்னதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது. பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலானவை குடலின் உள்சுவரில் மரு மாதிரி முளைக்கும் பாலிப்பிலிருந்துதான் வருகின்றன. எல்லாப் பாலிப்பும் புற்றுநோய் ஆவதில்லை, கொஞ்சம்தான் ஆகும், அதற்கும் சாதாரணமாக 10 வருடம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அத்தனை வருடமும் வலிக்காது, ரத்தமும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வராது, பசி எடுக்கும், தூக்கம் வரும். தொந்தரவு என்று ஒன்று தெரியும்போது பல பேருக்கு அது பாலிப் என்ற கட்டத்தைத் தாண்டியிருக்கும். அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, குடலோடு நிற்கும்போதே கண்டுபிடித்தவர்களில் 100-க்குச் சுமார் 90 பேர் 5 வருடத்தைத் தாண்டுகிறார்கள். உங்கள் நண்பரைப் போலத் தள்ளியிருக்கும் உறுப்புக்குப் பரவிய பிறகு என்றால் அது 15 பக்கம் இறங்கிவிடுகிறது. ஆக, தொந்தரவு இல்லாதபோதுதான் இந்தப் பரிசோதனைக்கு அர்த்தமே. உங்கள் டாக்டருக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் எங்கள் தொழிலே புகார் சொல்கிறவரைக் கவனிப்பதாக வளர்ந்த தொழில், நல்லா இருக்கிறேன் என்கிறவரை உட்காரவைத்து நீங்கள் இதைச் செய்யுங்கள் என்று சொல்லும் பழக்கம் பலருக்குக் கைவரவில்லை.

அடுத்தது, இது யார் வேலை என்ற குழப்பம். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 2006-லிருந்தும், நெதர்லாந்தில் 2014-லிருந்தும், குறிப்பிட்ட வயது வந்தவர்களுக்கு அரசுத் திட்டமே தபாலில் கிட் அனுப்புகிறது. அங்கே குடும்ப டாக்டர், அது திட்டத்தின் வேலை, நமக்கென்ன என்று இருந்துவிடுவார். அந்த மாதிரித் திட்டம் இல்லாத இடத்தில் டாக்டர் நினைவு வைத்துச் சொன்னால்தான் உண்டு, அவருடைய கம்ப்யூட்டரில் 'இவருக்கு 50 தாண்டியாயிற்று, ஸ்கிரீனிங் செய்யவில்லை' என்று எதுவும் ஒளிராது. தபாலில் அனுப்பிவிட்டால் எல்லோரும் செய்துவிடுவார்கள் என்றும் இல்லை. நெதர்லாந்தில் 10 பேரில் சுமார் 7 பேர் செய்து திருப்பி அனுப்புகிறார்கள், ஆஸ்திரேலியாவில் 4 பேர்தான். மீதி கிட்டெல்லாம் உங்கள் வீட்டு அலமாரி மாதிரி ஒரு அலமாரியில்தான் இருக்கும்.

மூன்றாவது, டாக்டருக்கே பரிசோதனையில் இருக்கும் அவநம்பிக்கை. என் வயது டாக்டர்கள் படித்தது பழைய மலப் பரிசோதனை. அதற்கு மூன்று நாள் மலம் வேண்டும், இறைச்சி சாப்பிடக்கூடாது, சில மாத்திரைகள் கூடாது, அப்படியும் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். போதாக்குறைக்கு, கிளினிக்கில் விரலால் சோதிக்கும்போது ஒட்டும் துளி மலத்தை ஒரு அட்டையில் தடவிப் பார்த்து "நெகட்டிவ்" என்று எழுதும் வழக்கமும் பல இடங்களில் இருந்தது. 2005-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், இப்படி ஒரே ஒரு தடவலில் பார்த்தால், புற்றுநோயும் புற்றுநோயாகும் வாய்ப்புள்ள முற்றிய பாலிப்பும் இருந்தவர்களில் வெறும் 4.9 சதவீதம் பேரைத்தான் பிடித்தது; வீட்டில் ஆறு மாதிரி எடுத்தவர்களில் 23.9 சதவீதம். அதைப் பார்த்து வெறுத்துப்போனவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இப்போது இருப்பது வேறு பரிசோதனை. ஃபிட் என்பார்கள், மனித ரத்தத்தின் ஹீமோகுளோபினை மட்டும் குறிவைத்துத் தேடும். உணவுக் கட்டுப்பாடு கிடையாது, பெரும்பாலான திட்டங்களில் ஒரே ஒரு மாதிரி போதும். ஒரு முறை செய்தால் புற்றுநோய் இருக்கும் 10 பேரில் கிட்டத்தட்ட 8 பேரைக் காட்டிக்கொடுக்கும். மீதி இரண்டு பேருக்காகத்தான் அதை வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ திரும்பச் செய்யச் சொல்கிறோம்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு வகை டாக்டர் உண்டு, கொலோனோஸ்கோபி செய்தால்தான் செய்த மாதிரி, மலத்தைப் பார்ப்பதெல்லாம் வீண் என்பவர். கொலோனோஸ்கோபி சிறந்த பரிசோதனை என்பதில் எனக்கும் மறுப்பில்லை, பாலிப்பைப் பார்த்த கையோடு எடுத்தும் விடலாம். ஆனால் அதை மட்டும் சொன்னால் என்ன நடக்கிறது? 2012-ல் வந்த ஒரு ஆய்வில், கொலோனோஸ்கோபி ஒன்றையே சொன்னபோது 38 சதவீதம் பேர்தான் செய்துகொண்டார்கள். மலப் பரிசோதனை சொன்னபோது 67 சதவீதம். இரண்டில் உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டபோது 69 சதவீதம். செய்யாத கொலோனோஸ்கோபியைவிடச் செய்த மலப் பரிசோதனை எவ்வளவோ மேல்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதைச் சக டாக்டர்கள் வெளியில் சொல்ல மாட்டார்கள். பாசிட்டிவ் வந்தால் அப்புறம் என்ன செய்வது என்ற பயம். கொலோனோஸ்கோபிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய இடத்தில் வேலை பார்க்கும் டாக்டர், நல்லா இருக்கும் ஒரு ஆளைப் பயமுறுத்தி வரிசையில் நிற்க வைப்பதா என்று தயங்குவார். நியாயமான தயக்கம்தான், அதை நான் மதிக்கிறேன். மதிக்க முடியாதது இன்னொன்று: "இவர் எங்கே செய்யப் போகிறார்" என்று முகத்தைப் பார்த்தே முடிவு கட்டிவிடுவது. படிக்காதவர், கூச்சப்படுவார், வயதான அம்மா, புரியாது, பயந்துவிடுவார். குடும்ப டாக்டர்களிடம் ஸ்கிரீனிங்குக்கு என்ன தடை என்று கேட்டால் முதலில் வரும் பதில் "நோயாளிகளுக்கு வெட்கம், பயம்" என்பதுதான். நோயாளிகளிடம் ஏன் செய்யவில்லை என்று கேட்டால் அடிக்கடி வரும் பதில் "டாக்டர் சொல்லவில்லையே". இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் வெட்கம் நோயாளிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், மலம் பற்றி, ஆசனவாய் பற்றி எதிர்ப்பாலரிடம் பேச டாக்டர்களுக்கும் நாக்கு புரளாது. சர்க்கரை அளவைச் சொல்வது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

இத்தனை தடையும் சொன்னதால் பரிசோதனையில் பலன் இல்லை என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் மின்னசோட்டாவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1993-ல் வந்தது. நான் மேலே திட்டினேனே, அதே பழைய மலப் பரிசோதனையை வருடா வருடம் செய்தவர்களிடையே குடல் புற்றுநோயால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 30 வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் அப்படியே நின்றது. அதே ஆய்வில், எல்லாக் காரணங்களாலும் நடந்த மொத்த இறப்பு குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்த ஒரு நோயால் சாவதைத்தான் இது குறைக்கிறது, ஆயுளுக்கு உத்தரவாதம் இல்லை. 2022-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில் கொலோனோஸ்கோபிக்கு அழைப்பு அனுப்பியதில் 10 வருடத்தில் குடல் புற்றுநோய் வருவது 18 சதவீதம்தான் குறைந்தது என்று செய்தி வந்து, பலர் "பார்த்தீர்களா" என்று கேட்டார்கள். அழைப்பு கிடைத்தவர்களில் 42 சதவீதம் பேர்தான் போய்ச் செய்துகொண்டார்கள் என்பதை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை.

உங்கள் வயதுக்கு வருவோம். பல நாடுகளில் 50-லிருந்து 74 அல்லது 75 வரை செய்யச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 2021-லிருந்து 45-லேயே ஆரம்பிக்கச் சொல்கிறார்கள், ஜப்பானில் பல வருடங்களாகவே 40. எப்படிப் பார்த்தாலும் நீங்கள் இருவரும் அந்த வயதுக்குள் வருகிறவர்கள்தான். உங்களுக்குச் சர்க்கரை நோய் வேறு இருக்கிறது, டைப் 2 சர்க்கரை உள்ளவர்களுக்குக் குடல் புற்றுநோய் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது இதைக் கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், உட்கார்ந்த உடனே கேளுங்கள்: "டாக்டர், எனக்கு 56. குடல் புற்றுநோய் ஸ்கிரீனிங் இதுவரை செய்ததில்லை. தொந்தரவு எதுவும் இல்லை, அதனால்தான் கேட்கிறேன். மலப் பரிசோதனையா கொலோனோஸ்கோபியா, எனக்கு எது சரி?" இப்படிக் கேட்டால் எந்த டாக்டரும் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ள முடியாது. தள்ளினால், "சரி டாக்டர், எப்போது செய்யலாம் என்று என் ஃபைலில் எழுதிவிடுங்கள்" என்று சொல்லுங்கள். எழுதப் பேனா எடுத்த பிறகு பெரும்பாலானவர்கள் அப்போதே சீட்டு எழுதிவிடுவார்கள், எனக்குத் தெரிந்த எங்கள் ஆட்கள் அப்படித்தான்.

ஒரு விஷயம் உங்கள் முடிவை மாற்றலாம். வேலையிடத்து நண்பருக்கு வந்தது உங்கள் அபாயத்தைக் கூட்டாது. ஆனால் அண்ணனுக்குப் பரிசோதனையில் புற்றுநோயோ முற்றிய பாலிப்போ தெரிந்தால், கூடப் பிறந்தவர் என்ற முறையில் உங்கள் கணக்கு மாறும். நேராகக் கொலோனோஸ்கோபியே செய்ய வேண்டி வரலாம், அடிக்கடியும் செய்ய வேண்டி வரலாம். அப்பா, அம்மா, மற்ற உடன்பிறப்புகள் யாருக்காவது, குறிப்பாக 60 வயதுக்குள், இந்த நோய் வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் கேட்க மறக்கலாம்.

கொலோனோஸ்கோபி என்று முடிவானால், கஷ்டம் பரிசோதனையில் இல்லை, முந்தைய நாள் குடிக்கும் பேதி மருந்தில்தான் இருக்கிறது என்று செய்துகொண்ட பெரும்பாலோர் சொல்வார்கள். பாதியை முந்தைய இரவும் பாதியைப் பரிசோதனை நாள் காலையிலும் குடிக்கச் சொன்னால் அப்படியே செய்யுங்கள், ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், குடல் சுத்தமாக இல்லாவிட்டால் பார்த்தும் பார்க்காத மாதிரிதான். உங்கள் சர்க்கரை மருந்தை அந்த இரண்டு நாளும் எப்படி மாற்றுவது என்று முன்னாலேயே கேட்டு எழுதி வாங்குங்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதாவது எடுத்தால் அதையும் சொல்லுங்கள். குடலில் ஓட்டை விழுவது போன்ற பெரிய சிக்கல் ஆயிரக்கணக்கில் ஒருவருக்கு நடப்பது, இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எல்லாம் நன்றாக இருந்தால் 10 வருடத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

இப்போது மனைவி. "ச்சீ" என்பதை அப்படியே நம்பாதீர்கள். சிலருக்கு அது நிஜமாகவே அருவருப்பு, சிலருக்கு அது பயத்தின் மேல் போட்ட போர்வை. ஏதாவது வந்துவிட்டால்? தெரிந்து என்ன ஆகப் போகிறது? இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பயம் என்றால், என் நண்பர் மாதிரி ஆகிவிடும் என்று மேலும் பயமுறுத்துவது வேலைக்கு ஆகாது. இந்தப் பரிசோதனையில் தேடுவது பெரும்பாலும் புற்றுநோய் ஆவதற்கு முந்தைய நிலையையும் குணப்படுத்தக்கூடிய நிலையையும்தான் என்று ஒருமுறை நிதானமாகச் சொல்லுங்கள். நீங்களும் அவரோடு சேர்ந்து செய்கிறீர்கள் என்றால் இன்னும் நல்லது. அதற்கு மேல் நச்சரிக்காதீர்கள், கடைசியில் செய்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

வெறும் அருவருப்புதான் என்றால், எப்படிச் செய்வது என்று சரியாகத் தெரியாததே பாதிக் காரணமாக இருக்கும். கிட்டைத் திறந்தால் விரல் நீளத்தில் ஒரு குட்டி பாட்டில், மூடியோடு ஒட்டிய ஒரு குச்சி, குச்சி நுனியில் வரிவரியாகச் சின்னப் பள்ளங்கள். மலம் கழிப்பறைத் தண்ணீரில் விழக்கூடாது, அதற்கு ஒரு காகிதமோ, தூக்கிப் போடக்கூடிய சுத்தமான டப்பாவோ போதும். மூடியைத் திருகிக் குச்சியை எடுத்து மலத்தின் மேல் நாலைந்து இடத்தில் இழுக்க வேண்டும், ஒரே இடத்தில் குத்தி எடுக்கக் கூடாது, ரத்தம் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கும் என்று தெரியாதல்லவா. அந்தப் பள்ளங்கள் நிறைந்தால் போதும், நிறைய எடுத்தால் நல்லது என்று அள்ளி வைப்பவர்கள் உண்டு, அது பரிசோதனையைக் கெடுக்கும். குச்சியைத் திரும்பப் போட்டு இறுக மூடிவிட்டால் முடிந்தது, மறுபடி திறக்கத் தேவையில்லை. கையில் மலம் படவே வேண்டாம், வாடை வெளியே வராது, மொத்தமும் சில நிமிட வேலை. தேதியை எழுத மறக்காதீர்கள், தேதி இல்லாத பாட்டிலை ஆய்வுக்கூடம் நிராகரித்துவிடலாம்.

மாதவிடாய் நாட்களில் எடுக்க வேண்டாம், மூலத்திலிருந்து ரத்தம் கசியும் நாட்களிலும் வேண்டாம். அப்படி அடிக்கடி ரத்தம் கசிகிறது என்றால் அண்ணனுக்குச் சொன்னதுதான், முதலில் டாக்டர். வெயிலும் ஒரு பிரச்சினை. சூட்டில் ஹீமோகுளோபின் சிதைந்துவிடும், இருக்கும் ரத்தத்தையும் இல்லை என்று காட்டும். ஆஸ்திரேலியாவில் வெப்பம் கூடிய பகுதிகளுக்குக் கோடை மாதங்களில் கிட் அனுப்புவதையே நிறுத்திவைக்கிறார்கள். அதனால் எடுத்த பாட்டிலை வண்டியிலோ ஜன்னல் ஓரத்திலோ போட்டுவைக்காமல் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, கிட்டில் சொன்ன நாட்களுக்குள் கொடுத்துவிடுங்கள். அலமாரியில் கிடக்கும் கிட்டின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள், தாண்டியிருந்தால் புதிதாகக் கேட்டால் கொடுப்பார்கள்.

ரிசல்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெகட்டிவ் என்றால் ஒன்றிரண்டு வருடத்தில் மறுபடி, அதற்குள் ரத்தமோ, வாரக்கணக்கில் மலப் பழக்க மாற்றமோ, காரணமில்லாமல் எடை குறைவதோ தெரிந்தால் "போன வருடம்தானே பார்த்தேன்" என்று இருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, அப்படி வந்தவர்களில் 100-க்குச் சில பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கும், பாலிப் இருப்பவர்கள் அதைவிட நிறைய, மற்றவர்களுக்கு மூலமோ வேறு சாதாரணக் காரணமோ. ஆனால் அடுத்த படி கொலோனோஸ்கோபிதான். இன்னொரு தடவை மலப் பரிசோதனையே செய்து பார்ப்போம், அது நெகட்டிவ் வந்தால் விட்டுவிடலாம் என்பது நடக்கிற தவறுகளிலேயே மோசமானது, சில சமயம் டாக்டர்களே அப்படிச் சொல்வதுண்டு, சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாசிட்டிவ் வந்து 10 மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டவர்களுக்குப் புற்றுநோய், அதிலும் முற்றிய நிலையில், கூடுதலாக இருந்ததாக 2017-ல் வந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஓரிரு மாதத்துக்குள் செய்துவிட முடிந்தால் நல்லது.

அப்புறம், ரிசல்ட் வரவே இல்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதிரி தொலைந்திருக்கலாம், அளவு போதாமல் நிராகரித்திருக்கலாம், ரிப்போர்ட் டாக்டரின் மேஜையில் வேறொரு ஃபைலுக்குள் இருக்கலாம். கொடுத்த நாளிலிருந்து இரண்டு, மூன்று வாரத்தில் தகவல் இல்லையென்றால் கிளினிக்குக்குப் போன் போட்டு, பெயரைச் சொல்லி, வந்ததா வரவில்லையா, வந்தது என்றால் என்ன என்று கேட்டு வாங்குங்கள்.